ஏழாவது நேர்காணல்

குற்றவியல் முதுகலைப் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. அதற்கு முன் ஒன்பது வருடங்கள் ஜொகூர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கூண்டில் நிற்பவருக்கு மலாய் போதாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். அவர் தமிழில் சொல்வதை மலாயில் சொல்வேன். மாஜிஸ்திரேட் மலாயில் சொல்வதைத் தமிழில் சொல்வேன். தண்டனை கேட்கிறவர்கள் மாஜிஸ்திரேட்டைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை பதினெட்டு மாதம் என்று நான் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து, "நீ நல்லா இருப்பியாடி?" என்று என்னைக் கேட்டாள். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று மாஜிஸ்திரேட் விசாரித்தார். அதையும் மொழிபெயர்த்தேன்.

என் வாயிலிருந்து எத்தனையோ தண்டனைகள் வந்தன. ஒன்றைக்கூட நான் தீர்மானித்ததில்லை. என்னைவிடப் பத்து வயது குறைந்த அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் இடைவேளையில் என்னிடம் பாலில்லாத தேநீர், தே ஓ, வாங்கிவரச் சொல்வார்கள். முதுகலைப் பட்டம் இருந்தால் பரோல் அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கை ஓங்கும் என்று ஒரு தோழி சொன்னாள். தண்டனைக் காலம் முடிவதற்குள் வெளியே விடப்படுகிறவர்களைக் கண்காணிக்கும் வேலை. சீருடை உண்டு, மேசை உண்டு, என் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. அதற்காகத்தான் சேர்ந்தேன். சேர்க்கைப் படிவத்தில் மட்டும் வேறு எழுதினேன்.

முதல் வகுப்பில் எங்கள் பேராசிரியை அந்தப் படிவங்களோடு வந்தார். ஐம்பதைத் தாண்டிய மலாய்ப் பெண்மணி. போலீஸில் பல வருடம் இருந்துவிட்டுக் கல்விப் பக்கம் வந்தவர். ஏன் இந்தப் படிப்பு என்று ஒவ்வொருவரும் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார். என்னுடையது வந்தது: "என் சமூகத்துக்கு உதவ." மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைத் தேடினார்.

"உதவி செய்ய வேண்டுமென்றால் சமூகநலத் துறைக்குப் போ. கார் நிறுத்தவும் அங்கே இடம் அதிகம்," என்றார் மலாயில். "இங்கே நாம் அளக்கிறோம். இரக்கம் இருந்தால் கை ஆடும். ஆடுகிற கையால் எதையும் அளக்க முடியாது."

வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ். இரண்டாவது மாதம், எந்த இனத்தவர் எந்தக் குற்றத்தில் எத்தனை பேர் என்று ஒரு வரைபடம் திரையில் வந்தது. ஒரு குற்றத்துக்கு நேராக எங்கள் இனத்தின் தூண் மற்றவற்றைவிட உயரமாக நின்றது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் குனிந்து, "அந்தக் கட்டடத்தில் உங்கள் வீடு எத்தனையாவது மாடி?" என்று கேட்டார்.

"மேல் மாடி. காற்று நல்லா வரும்," என்றேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. முதலில் சிரித்தது நான். அன்றிலிருந்து அவர்களில் ஒருத்தியாகிவிட்டேன். குழு வேலைகளுக்கு என்னைத் தேடி வந்தார்கள். மதிப்பெண்களும் ஏறின. சம்பவ இடத்துப் புகைப்படங்களைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கப் பழகினேன். யார் எப்படி இறந்தார் என்பதைவிட, இறந்தவரின் அறை எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்று கவனிக்கப் பழகினேன். என் கணவர் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்குத் தினமும் பாலத்தைக் கடந்து போய்வருகிறவர். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, "நீ இப்பல்லாம் பேசறதே விசாரணை மாரி இருக்கு லா. கொழம்புல உப்பு இருக்கான்னு கேட்டாக்கூட வக்கீலக் கூப்புடணும்போல இருக்கு," என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது பரோல் கண்காணிப்பு. வெளியே வந்தவர்கள் விதிகளோடு எப்படி வாழ்கிறார்கள் என்பது கேள்வி. சம்பந்தப்பட்ட துறை அனுமதி கொடுத்தது. இரண்டு மாவட்டங்களில் பரோலில் இருந்த தமிழர்களின் பட்டியல் ஒன்றும் கொடுத்தது. பெயர், சொந்த ஊர், வேலையிடம். அதற்குப் பதிலாக, ஆய்வு முடிந்ததும் முடிவுகளை அவர்கள் அதிகாரிகள் முன் நான் விளக்க வேண்டும். பட்டியலில் இருந்தவர்களில் ஒன்பது பேர் பேசச் சம்மதித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயரோ ஊரோ எங்கும் வராது என்று ஒப்புதல் படிவத்தில் எழுதி, நானும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்தேன்.

ஏழாவது ஆள் பெக்கான் நானாஸில் அன்னாசிப்பழம் டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயது இருக்கும். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து, சந்தைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டு ஒட்டுக்கடைக்கு வந்தார். கைகளை மேசைக்கு மேலே வைக்கவில்லை. தண்ணீர் வந்து, குடிக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். விரல் நுனிகளில் தோலே இல்லை. அன்னாசிச் சாறு தின்றுவிட்டிருந்தது. கையுறை கிழிந்தால் இப்படித்தான் ஆகும் என்றார்.

"மிஸ், என்கிட்ட கதை ஒன்னும் இல்ல. வேலைக்குப் போறேன், ரூமுக்கு வர்றேன். எழுதிக்கோங்க."

பட்டியலில் அவருடைய ஊர் லாபிஸ் என்று இருந்தது. நான் பிறந்ததும் அங்கேதான். நேர்காணலுக்கு முன் மனிதர்களை எப்படி இளக்குவது என்று எங்களுக்கு ஒரு முழுப் பாடம் இருந்தது. பொதுவான ஒன்றைக் கண்டுபிடி என்பது அதில் முதல் விதி.

"நானும் லாபிஸ்தான் அண்ணே," என்றேன். "ரயில் ஸ்டேசன் பக்கம்."

நிமிர்ந்து பார்த்தார். "ஸ்டேசன் பக்கம் எந்த வீடு?"

சொன்னேன். என் அப்பாவை அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு நான் மிஸ் இல்லை, தங்கச்சி. அன்றிரவு என் குறிப்பேட்டில், "உறவு ஏற்படுத்துதல்: பதினைந்து நிமிடத்தில்" என்று எழுதினேன்.

அவர் செய்தது சின்னக் காரியமில்லை. சாஆ ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் செப்புக் கம்பி திருடப் போன மூவரில் ஒருவர். வாட்ச்மேன் இவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இவர் கையில் பாராங் கத்தி இருந்தது.

"ரெண்டு வெரலு. இதுவும் இதுவும்," என்று தன் இடது கையில் தொட்டுக் காட்டினார். "கீழ விழுந்தத நான் பாத்தேன். அவரு பாக்கல. இன்னும் சட்டையத்தான் புடிச்சிருந்தாரு."

"வருத்தமா இருக்கா அண்ணே?"

"அவரு வந்து கேட்டா சொல்லுவேன். உங்ககிட்ட எதுக்குத் தங்கச்சி சொல்லணும்?"

குறிப்பேட்டில், "வருத்தம் வெளிப்படவில்லை" என்று எழுதினேன். பன்னிரண்டு வருடத் தண்டனையில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு வந்திருந்தார். மீதிக் காலம் தொழிற்சாலை இருக்கும் பொந்தியான் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை அறையில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அதிகாரியிடம் போய் நிற்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்கிறேன் என்றார். மற்ற எட்டுப் பேரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். என் ஆய்வு செத்துக்கொண்டிருந்தது.

அடுத்த முறை போனபோது மருந்துக்கடையிலிருந்து கைக்குத் தடவும் களிம்பு ஒன்று வாங்கிப் போனேன். தொழிற்சாலையில் மற்றவர்கள் பார்த்தால் கேலி செய்வார்கள் என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மூன்றாவது முறை விரல்களில் புதுத்தோல் வந்திருந்தது. கையை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசினார். அன்றுதான் சொன்னார்.

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஞாயித்துக்கெழம லாபிஸ் போறேன் தங்கச்சி."

எழுதுவதை நிறுத்திவிட்டேன். பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் உள்ளே போகும்போது ஒரு பெண் கர்ப்பமாக இருந்தாள். கல்யாணம் பதிவாகவில்லை. பிள்ளை பிறந்ததும் அவருடைய அக்காவிடம் விட்டுவிட்டு, வேறொருவரைக் கட்டிக்கொண்டு கெடாவுக்குப் போய்விட்டாள். மகளுக்கு இப்போது எட்டு வயது. லாபிஸில் அத்தை வீட்டில் வளர்கிறாள். பரோல் அலுவலகத்தில் மூன்று முறை அனுமதி கேட்டுப் படிவம் கொடுத்திருக்கிறார்.

"பொறப்புப் பத்திரத்துல அப்பா பேரு இல்ல. அதனால அது உன் புள்ளன்னு நாங்க எப்படி நம்புறதுன்னு கேக்குறாங்க. நான் அப்ப உள்ள. யாரு போயி பேரு குடுப்பா?"

அதனால் அனுமதி இல்லாமலே போகிறார். கூட வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரரின் மோட்டார் சைக்கிளில், விடியும் நேரத்துக்குக் கிளம்பி, சிம்பாங் ரெங்காம், ஆயர் ஈத்தாம், யோங் பெங், சாஆ வழியாக. ஞாயிறு பூசைக்குப் பிறகு மகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. மாதா கோவில் வளாகத்துக் கொட்டகையில் காத்திருப்பார். வகுப்பு முடிந்ததும் அவள் வருவாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பார். ஒருமணி நேரம், ஒன்றரை மணி நேரம். திரும்பி விடுவார்.

"அவளுக்குத் தெரியுமா அண்ணே, நீங்கதான் அப்பான்னு?"

"அப்பா கப்பல்ல வேல செய்றாருன்னு அக்கா சொல்லி வச்சிருக்கு. நான் அப்பாவோட கூட்டாளி. மாமா." மேசைமேல் இருந்த கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்பா எப்படி இருப்பாருன்னு எங்கிட்டயே கேக்குது. ஒசரமா இருப்பாருன்னு சொல்லியிருக்கேன்."

பிறகு பதிவுக் கருவியைப் பார்த்தார். "இத எழுதாதீங்க தங்கச்சி."

"பேரே வராது அண்ணே. நீங்க ஏழு. வெறும் நம்பர்."

"உள்ளயும் நம்பர்தான்," என்று சிரித்தார்.

எழுதினேன். பேராசிரியை அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு என்னை அறைக்கு அழைத்தார். "இது ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. மற்றதெல்லாம் காகிதம்," என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டிய ஒரே வார்த்தை அது. உடனே சிவப்புப் பேனாவை எடுத்து, மகளைத் தாய் என்று மாற்றச் சொன்னார். தொழிற்சாலையை 'உணவு உற்பத்தி' என்றும், லாபிஸை 'வேறொரு மாவட்டம்' என்றும் மாற்றினோம். மோட்டாரைப் பேருந்தாக்கினோம். "காகிதத்தில் எவனும் இவரைக் கண்டுபிடிக்க முடியாது," என்றார். அது உண்மை. தேர்வாளர்கள் ஒரு திருத்தமும் இல்லாமல் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். அதே மாதம் பரோல் அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்தேன்.

துறை அதிகாரிகள் முன் நான் விளக்க வேண்டிய நாள் வந்தது. நீண்ட மேசை, குளிரூட்டி, தட்டுகளில் கறிபாப் பலகாரம். என் பேராசிரியையையும் சேர்த்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மேசைத் தலைமாட்டில் உயரதிகாரி. நான் பேசிய அரைமணி நேரமும் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் நிமிராமலே சொன்னார்:

"நல்ல கதைகள். உங்கள் ஆட்களுக்குக் கதை சொல்ல நன்றாக வரும். கோர்ட்டில் இத்தனை வருடம் மொழிபெயர்த்தீர்களே, உங்களுக்கே தெரியுமே. ஆனால் என் கண்காணிப்பில் ஓட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஆட்களுக்குத் தெரியாமல் ஒருவனும் மாவட்டத்தைத் தாண்டுவதில்லை. ஆதாரம் இருக்கிறதா, இல்லை இதுவும் கதையா?"

இரண்டு, மூன்று பேர் சிரித்தார்கள். தே ஓ வாங்கி வரச் சொன்னவர்களின் சிரிப்பு மாதிரியே இருந்தது. வகுப்பில் செய்ததுபோல நானும் சேர்ந்து சிரித்திருக்கலாம். ஆய்வேட்டின் பக்கத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்தேன். வாய் தவறவில்லை. வாக்கியத்தை முழுதாக மனதில் அமைத்துவிட்டுத்தான் பேசினேன்.

"துவான், உங்கள் பட்டியலில் இருக்கும் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் லாபிஸ் வரை போய், கோவிலில் மகளைப் பார்த்துவிட்டு வருகிறார். இரவு ஒன்பது மணிக்கு உங்கள் ஆட்கள் கதவைத் தட்டும்போது குளித்துத் தலை சீவி நிற்கிறார்."

அறை வெடித்துச் சிரித்தது. இம்முறை அவரைப் பார்த்து. அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அந்தச் சில விநாடிகள் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மறைக்க முடியவில்லை. உடம்பெல்லாம் சூடாக இருந்தது.

"லாபிஸ்," என்றார் அவர் மெதுவாக. குறித்துக்கொள்ளவில்லை. அவசியமும் இல்லை. அவர் கொடுத்த பட்டியலில் லாபிஸ் ஊர்க்காரர் ஒருவர்தான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "நன்றி. பயனுள்ள ஆய்வு. கறிபாப் சாப்பிடுங்கள்."

சாப்பிட்டேன்.

திரும்பும்போது பேராசிரியையின் காரில் வந்தேன். ஸ்கூடாய் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றபோது, "இன்றைக்கு நீ அளக்கவில்லை. அடித்தாய்," என்றார். பிறகு, "அந்த மனிதரை எச்சரிக்கப் போகிறாயா?" என்று கேட்டார்.

"ஆய்வு முடிந்த பிறகு தகவலாளர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளக்கூடாதே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல பதில்," என்று சொல்லி வானொலியைப் போட்டார்.

ஏழாவது ஆள் அடுத்து லாபிஸ் போகும் ஞாயிறு எது என்று எனக்குத் தெரியும். ஒன்பது நாள் இருந்தது. அவருடைய எண் என் கைப்பேசியில் இருந்தது. கூப்பிட்டு, "அண்ணே, இந்த வாரம் போகாதீங்க" என்று நான்கு சொல் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார். சொல்ல வேண்டியிருக்கும். அவர் போகாமல் விட்டு, யாரோ எச்சரித்தது தெரிந்தால் சந்தேகம் என் மேல்தான் வரும். என் விண்ணப்பம் அதே அதிகாரியின் மேசையில் இருந்தது. ஒருவேளை ஒன்றும் நடக்காது என்றும் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

ஐந்தாவது நாள் அவரே குரல் செய்தி அனுப்பினார். பின்னணியில் தொழிற்சாலை இயந்திரச் சத்தம். "தங்கச்சி, அந்தக் களிம்பு பேரு என்னா? முடிஞ்சு போச்சு. டப்பாவையும் எறிஞ்சுட்டேன்."

மூன்று முறை கேட்டேன். களிம்பின் பெயரைத் தட்டி அனுப்பினேன். அவ்வளவுதான் அனுப்பினேன்.

அந்த ஞாயிறு நடந்ததைச் செவ்வாய்க்கிழமைதான் அறிந்தேன். அவருடைய அக்கா தொலைபேசியில் அழைத்தார். நான் அவரிடம் கொடுத்திருந்த ஒப்புதல் படிவத்தில் என் எண் இருந்தது.

"நீங்க யுனிவர்சிட்டியிலேர்ந்து வந்தவங்கதானே? என் தம்பியப் புடிச்சிட்டாங்க மா. உங்கள பாக்கச் சொன்னான். அவன் கதையெல்லாம் உங்களுக்குத் தெரியுமாமே. நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா நல்லதுன்னான்."

சனிக்கிழமை லாபிஸ் போனேன். மலிவு விலை வீட்டு வரிசையில் கடைசி வீடு. அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல். நடந்ததை அடுப்படியில் நின்றபடி சொன்னார். மூன்று அதிகாரிகள் பூசைக்கு முன்னாலேயே வந்து, கொட்டகைக்கு எதிரே காரில் காத்திருந்திருக்கிறார்கள். பிள்ளை ஐஸ்கிரீமைப் பிரிக்கும் வரை விட்டுவிட்டுத்தான் இறங்கி வந்தார்களாம். ஒருவர் பிள்ளையிடம், இவர் யார் என்று கேட்டிருக்கிறார். மாமா என்று சொல்லியிருக்கிறாள். "மாமா இல்லடி, ஒன்னோட அப்பன். கப்பல்லயும் இல்ல, ஜெயில்லேர்ந்து வந்தவன்," என்று அந்த அதிகாரி சொன்னாராம். அவரும் தமிழர்தான் என்றார் அக்கா. வகுப்பு முடிந்து மற்ற பிள்ளைகளும் அம்மா அப்பாக்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கைவெலங்கு போட்டப்ப இவ ஐஸ்கிரீம அவன் சட்டையிலேயே வீசுனா மா. கூப்பாடு போட்டா. அவன் அழுவல. இவளத்தான் பாத்துக்கிட்டே போனான்."

அந்தப் பிள்ளை கூடத்தில் தரையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒல்லியாக, நெற்றியில் அவரைப் போலவே மேடு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க போலீசா?"

"இல்ல மா."

"அப்ப என்னா வேல?"

"படிக்கிறேன்."

"இவ்ளோ பெரியவங்களா இருந்துக்கிட்டா?" என்றாள். பிறகு குரலை மாற்றாமல், "அவரு ஒரு ஆளு வெரல வெட்டுனாராமே. ஸ்கூல்ல சொன்னாங்க. நெசமா?" என்று கேட்டாள். அக்கா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவதுபோல் செய்தார். அவள் என் முகத்திலிருந்தே பதிலை எடுத்துக்கொண்டு மீண்டும் கணக்கைப் பார்த்தாள்.

கடிதம் பற்றி அக்கா கேட்டபோது, வழியெல்லாம் தயார் செய்து வந்ததைச் சொன்னேன். யாரை நேர்காணல் செய்தேன் என்பதை நான் வெளியே சொல்லக்கூடாது. கடிதம் எழுதினால் அவரைத்தான் சந்தித்தேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அது விதிக்கு விரோதம்.

"யாரு போட்ட விதி மா?"

"யுனிவர்சிட்டி, அக்கா."

"அவனக் காப்பாத்தத்தான அந்த விதி?"

"ஆமா."

அக்கா கோபப்படவில்லை. "மைலோ போட்டேன், ஆறிடுச்சு. குடிக்காமலே போங்க," என்றார்.

அவருடைய பரோல் ரத்தானது. மீதிக் காலம் முழுவதையும் உள்ளே கழிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எனக்கு வேலை நேர்காணல் வந்தது. ஐந்து பேர் கொண்ட குழுவில் அந்த உயரதிகாரியும் இருந்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. எப்போது சேர முடியும்?"

வேலையில் சேர்வதற்கு முன், ஏழாவது ஆளைச் சிறையில் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் எனக்கு லேசாக இருக்கும் என்பதுதான் காரணம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். தலையை மழித்திருந்தார்கள். தொலைபேசியை எடுத்தார்.

"வந்துட்டீங்களா."

"அண்ணே, ஒன்னு சொல்லணும்."

"தெரியும். கார்ல ஏத்துறப்பவே சொல்லிட்டாங்க. யுனிவர்சிட்டிக்காரம்மா கூட்டத்துல சொன்னாங்கன்னு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

அக்காவின் அழைப்பு அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப ஏன் அக்காவ எனக்குப் போன் பண்ணச் சொன்னீங்க?"

"என்னா சொல்லுவீங்கன்னு பாக்கத்தான்."

பக்கத்துக் கண்ணாடியில் ஒரு கிழவர் தன் மகனிடம் ஏதோ வழக்கு எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏன் சொன்னீங்க?" என்று கேட்டார் அவர். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். குரலில் குத்தல் இல்லை.

நிறையக் காரணங்கள் தயார் செய்து போயிருந்தேன். அந்த முகத்துக்கு முன்னால் ஒன்றுதான் வந்தது. "அந்த ஆபீசர் எல்லார் முன்னாலயும் என்னைய மட்டமா பேசிட்டாரு."

அவர் யோசித்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"பெருசா ஏதாச்சும் இருக்கும்னு நெனச்சேன்," என்றார். நிஜமாகவே ஏமாந்துபோனவர் மாதிரி இருந்தது. எழுந்திருக்கப் போனவர் மீண்டும் தொலைபேசியைக் காதில் வைத்தார். "இனிமே என்னைய அண்ணேன்னு கூப்புடாதீங்க. எம் பொண்ணப் போயிப் பாக்காதீங்க."

காவலரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். இன்னும் பத்து நிமிடம் இருந்தது. போய்விட்டார்.

பட்டமளிப்பு விழாவில் கணவர் நிறையப் படங்கள் எடுத்தார். பேராசிரியை கை கொடுத்தார். "நல்ல அதிகாரியாக வருவாய்," என்றார். அவர் சொன்ன விதத்தில் அது பாராட்டா வசவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பரோல் அலுவலகத்தில் இப்போது எனக்கு நான்காவது வருடம். மேசை இருக்கிறது, சீருடை இருக்கிறது. புது ஊழியர்கள் வந்தால் உயரதிகாரி என்னை அறிமுகப்படுத்தும்போது, "எனக்கு லாபிஸைக் கொடுத்தவர் இவர்தான்," என்பார். அவர்கள் புரியாமல் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். புதிதாக வெளியே வந்து என் முன்னால் உட்காரும் தமிழர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "வெளிய தெரியக்கூடாதுன்னு நெனக்கிறத எங்கிட்டயும் சொல்லாதீங்க." சிலர் நன்றி சொல்வார்கள். ஓர் ஆள் மட்டும், "மேடம், அப்ப உங்ககிட்ட எதுக்கு வர்றோம்?" என்று கேட்டான். கையெழுத்துப் போட என்றேன்.

போன வருடம் ஏழாவது ஆள் தண்டனை முடிந்து வெளியே வந்தார். அவருடைய கோப்பைத் திறக்க எனக்கு வேலை நிமித்தமான காரணம் எதுவுமில்லை. ஒரே ஒரு முறை திறந்து பார்த்தேன். விடுதலையாகும்போது அவரைக் கூட்டிப்போக வந்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. போய்த் தங்கும் முகவரி மாசாய். என் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மீன் வாங்கப் போகும் பழக்கம் எங்களுக்கு இருந்தது. இப்போது போவதில்லை. ஏன் என்று கணவர் கேட்டார். அங்கே மீன் முன்னைப்போல இல்லை என்றேன்.